ரகரமும் றகரமும் ஒரு ரேம் துண்டும்

சென்ற வாரம் இயற்பியல் இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் தமிழ்த்துறை வாசலில் வந்து தயங்கி நின்றார். வருகைப் பதிவில் குறை நீக்கக் கேட்டு வந்திருப்பார் என்று எண்ணினோம். அவரோ புதிதாகக் கணினி ஒன்று பூட்டப்போவதாகவும், செயலியை அதற்கு விதித்த வேகத்திற்கு மேல் ஓட்டிப் பார்க்க ஆசைப்படுவதாகவும், எந்த ரேம் வாங்கலாம் என்பதை நம்மிடம் கேட்கும்படி ஆய்வகத்தில் சொல்லி அனுப்பினார்கள் என்றும் சொன்னார். அடுத்த மேசையில் நன்னூல் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த மூத்த பேராசிரியர் கண்ணாடிக்கு மேலாக நம்மை ஒரு பார்வை பார்த்தார். தமிழ் முதுகலை படித்தவனிடம் கேட்கும் கேள்வியா இது என்பது அப்பார்வையின் பொருள்.

மாணவருக்குச் சுருக்கமாக விடை சொல்லி அனுப்பினோம். நீண்ட விடை ஒன்றும் உண்டு. அது 2008ஆம் ஆண்டுக் கோடையில் இராஜபாளையத்திற்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே நடந்தது. அதில் நமக்குப் பெருமை தரும் பகுதி ஏதுமில்லை என்பதால் இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

சொல்லாட்சி பற்றி ஒன்று சொல்லிவிடுகிறோம். வகுப்பில் நாம் 'நினைவகம்' என்றுதான் சொல்லுவோம். கடையில் அப்படிக் கேட்டால் நினைவு மண்டபத்திற்கு வழி சொல்லிவிடுவார்கள். ஆகவே இங்கே ரேம் என்றும் வரும், நினைவகம் என்றும் வரும். தனித்தமிழன்பர்கள் பொறுத்தருள்க.

அப்போது நாம் சுயநிதிப் பிரிவில் சேர்ந்து இரண்டாண்டு ஆகியிருந்தது. இராஜபாளையத்தில் நூற்பாலைக் குடியிருப்பு ஒன்றின் பின்புறத்தில் மாடி அறை. ஸ்ரீவில்லிபுத்தூரில் நம் ஆசிரியர் ஒருவர் இருந்தார். பள்ளித் தமிழாசிரியராக ஓய்வு பெற்றவர். பெரியாழ்வாரும் ஆண்டாளும் பாடிய பாசுரங்களுக்கு, அதாவது திருப்பல்லாண்டு 12, பெரியாழ்வார் திருமொழி 461, திருப்பாவை 30, நாச்சியார் திருமொழி 143 என 646 பாசுரங்களுக்கும், கையாலேயே சொல்லடைவு எழுதி வைத்திருந்தார். ஏழு நோட்டுப் புத்தகங்கள். கண்ணில் புரை விழத் தொடங்கியிருந்தது. முழுதும் மறைவதற்குள் அச்சுப்பிரதியாக ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்பதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

தட்டச்சு வேலையை அவ்வூரிலேயே ரத வீதியிலிருந்து பிரியும் சந்தொன்றில் டி.டி.பி. மையம் வைத்திருந்த அக்காவிடம் கொடுத்தோம். திருமண அழைப்பிதழ், கோயில் உபயப் பத்திரிகை, கல்லூரி மாணவரின் ஆய்வேடு என்று எதையும் அடிப்பவர். பழைய தட்டச்சு விசைப்பலகை முறையில் பழைய எழுத்துரு ஒன்றில் அடித்துக் குறுவட்டில் பதிந்து தருவார். அதை ஒருங்குறிக்கு மாற்றி, அகர வரிசைப்படுத்தி, ஆசிரியரின் நோட்டுப் பக்கங்களை வருடியெடுத்த படங்களையும் துலக்கிச் சேர்ப்பது நம் பங்கு. படம் துலக்கும் வேலைக்கு நம் பழைய கணினி பக்கத்திற்கு ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டது.

இங்கேதான் தம்பி ஒருவர் வருகிறார். நம்மிடம் பொதுத்தமிழ் படித்த கணினி அறிவியல் மாணவர். "சார், விலை கூடுன பிராசசர் எதுக்கு? சின்னத வாங்கி நாம ஏத்திக்கிடலாம்" என்றார். நம் ஊதியத்திற்கு அது தேவவாக்காக ஒலித்தது.

அவர் வாங்கச் செய்தது இன்டெல் பென்டியம் டூயல் கோர் ஈ2160. 2007இல் வெளிவந்த மலிவு வகை. விதித்த வேகம் 1.8 கிகாஹெர்ட்ஸ். இந்த வேகம் இரு எண்களின் பெருக்கம்: அடிப்படைத் துடிப்பு 200 மெகாஹெர்ட்ஸ், பெருக்கெண் 9. பெருக்கெண்ணைக் கூட்ட முடியாமல் நிறுவனம் பூட்டியிருந்தது. அடிப்படைத் துடிப்பைக் கூட்ட வழி இருந்தது. அதனை 333 ஆக்கினால் ஒன்பது மடங்கில் 3 கிகாஹெர்ட்ஸ் கிடைக்கும். வெளியூர் ஆர்வலர் பலர் அவ்வாறு ஓட்டிக்கொண்டிருந்தனர்.

ஆனால் அந்த அடிப்படைத் துடிப்பு செயலிக்கு மட்டும் உரியதன்று. நினைவகமும் அதே துடிப்பைப் பற்றியே நடக்கிறது. ஆடிப்பூரத் தேரைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. வடம் பிடிப்போர் எவ்வளவு வேகமாக இழுத்தாலும், சக்கரத்தடியில் சறுக்குக்கட்டை போடுகிறவரின் கை அதே கதியில் போய் வர வேண்டும். இழுப்பவர் மட்டும் விரைந்து, கட்டை போடுகிறவர் அரை நொடி பிந்தினால் தேர் வீட்டுத் திண்ணையில் ஏறும். நாம் வாங்கிய பலகையில் நினைவகத்தை அடிப்படைத் துடிப்பைவிட மெதுவாக ஓட்டும் வழியே இல்லை. ஆகவே செயலியை 333க்கு ஏற்றினால் நினைவகமும் குறைந்தது 333இல் ஓடியாக வேண்டும். ஒரு துடிப்பிற்கு இரு முறை தரவு மாறுவதால் அதையே டிடிஆர்2-667 என்று விற்றார்கள்.

667 வகையில் ஒரு ஜி.பி. துண்டு ஒன்று வாங்கினோம். அத்துடன் நிறுத்தியிருக்க வேண்டும். பழைய கணினியில் 512 எம்.பி. துண்டு ஒன்று சும்மா கிடந்தது. அது 533 வகை. உண்மைத் துடிப்பு 266. "இதையும் சேத்துப் போட்ருவோம் தம்பி, வீணாத்தான கெடக்கு" என்று சொன்னது நாம். தம்பி தயங்கினார், பின்னர் பூட்டினார். கணினி ஓடியது. மதிப்பில் கால் பங்கு கூடுதலான வேகத்தில் அந்தப் பழைய துண்டு மூச்சு வாங்குவது வெளியே தெரியவில்லை. படம் ஒன்றைத் துலக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நூற்பாலைச் சங்கு ஊதும்வரை விழித்திருந்து வேலை பார்த்தோம்.

மே மாதம் முதல் பிரதி எடுத்து ஆசிரியரிடம் கொடுத்தோம். உருப்பெருக்கியை வைத்துக்கொண்டு மூன்று நாள் பார்த்தார். நான்காம் நாள் போனபோது சிவப்பு மையால் சுழித்த தாள்களை எடுத்து நீட்டினார். 'இரை' என்பது 'இறை' ஆகியிருந்தது. 'ஒலி' இருக்க வேண்டிய இடத்தில் 'ஒளி'. 'பரவை' என்னும் கடல் 'பறவை'யாகிப் பறந்து போயிருந்தது. ஓரிடத்தில் 'மானை' என்னும் சொல் 'யானை' ஆகியிருந்தது. சொல்லடைவில் எழுத்து மாறினால் சொல் மட்டும் கெடுவதில்லை. அது அகர வரிசையில் வேறு பக்கத்திற்குக் குடிபோய்விடும். தேடுபவர் அந்தச் சொல் பாசுரத்தில் இல்லையென்றே முடிவு கட்டுவார். "அச்சுல வந்தா நிக்கும்னு நெனச்சேன்" என்று மட்டும் ஆசிரியர் சொன்னார்.

நேரே டி.டி.பி. மையத்திற்குப் போனோம். அங்கே ஆய்வேடு வாங்க வந்த மாணவர் இருவர் உட்கார்ந்திருந்தனர். அவர்கள் முன்னிலையில் ரகரத்திற்கும் றகரத்திற்கும் வேறுபாடு தெரியாமல் பாசுரம் அடிக்க ஒப்புக்கொள்ளலாமா என்று கேட்டோம். முதுகலைப் பட்டம் சில வேளைகளில் நாக்கின் நுனியில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அக்கா தாள்களைப் புரட்டிப் பார்த்தார்.

"நான் அடிச்சது இது இல்ல சார். எங்கிட்ட காப்பி இருக்கு, பாருங்க" என்றார்.

"எழுத்துரு மாற்றும்போது எழுத்து மாறாதும்மா. ரகரம் ரகரமாத்தான் வரும்" என்றோம். அவருடைய பிரதியைத் திறந்து பார்க்கவில்லை. பேசிய கூலியில் பாதியை நிறுத்திவைப்பதாகச் சொல்லிவிட்டு வந்தோம். அக்கா என்று அழைத்து வந்தவரை 'அம்மா' என்றழைத்தது மரியாதையினால் அன்று என்பது அவருக்கும் தெரிந்திருக்கும்.

திரும்பும் பேருந்தில் தாள்களை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தோம். முதுகலையில் பாடபேதம் பற்றிப் படித்தபோது சொல்லித் தந்த பயிற்சி ஒன்று உண்டு. பிழைகளைக் கண்டதும் கோபப்படாமல் முதலில் வகை பிரிக்க வேண்டும். ஏடெழுதுவோர் செய்யும் பிழைக்கு ஒரு குணம் உண்டு. காதால் கேட்டு எழுதியவர் ஒருவகையில் பிழைப்பார், கண்ணால் பார்த்து எழுதியவர் வேறுவகையில் பிழைப்பார். கூலி நிறுத்திவைத்த பிறகு இந்தப் பயிற்சி நினைவுக்கு வந்தது நம் கெட்ட காலம்.

வீட்டிற்கு வந்து இரு பத்தி போட்டு எழுதினோம். இருக்க வேண்டியது இடப்பக்கம், இருப்பது வலப்பக்கம். ர என்பது ற. ல என்பது ள. ம என்பது ய. 'கெடு' என்பது 'கேடு'. 'கொல்' என்பது 'கோல்'. நாற்பதுக்கும் மேற்பட்ட பிழைகள். எழுதி முடித்துப் பார்த்தபோது உடம்பில் ஒரு குளிர் ஏறியது. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. ர ற-வாக மாறிய இடங்கள் பல, ற ர-வாக மாறிய இடம் ஒன்றும் இல்லை. மானை யானையாகியிருந்தது, யானை எங்கும் மானை ஆகவில்லை. குறில் நெடிலாயிற்று, நெடில் குறிலாகவில்லை. மயங்கொலிப் பிழை செய்யும் மனிதர் இரு திசையிலும் செய்வார். ஒரே திசையில் மட்டும் தவறுகிற கை மனிதக் கை அன்று.

போதாக்குறைக்கு, ஒரு சொல்லின் நடுவே ரகரத்தின் இடத்தில் '௰' நின்றது. பத்து என்பதைக் குறிக்கும் பழந்தமிழ் எண். அக்காவின் தட்டச்சு விசைப்பலகையில் அதற்கு விசையே கிடையாது.

தம்பியை வரவழைத்தோம். தாளைக் காட்டியதும் அவர் ஒருங்குறி அட்டவணையை எடுத்தார். ஒவ்வோர் எழுத்திற்கும் அங்கே ஓர் எண். கணினிக்குள் அந்த எண் சுழியமும் ஒன்றுமான வரிசையாகக் கிடக்கிறது. ரகரத்தின் எண் 0பி.பி.0, றகரத்தின் எண் 0பி.பி.1. வரிசையின் கடைசித் துண்டு ஒன்று மட்டுமே வேறுபாடு: ரகரத்தில் சுழியம், றகரத்தில் ஒன்று. லகரத்திற்கும் ளகரத்திற்கும் அப்படியே. நகரத்திற்கும் னகரத்திற்கும் அப்படியே. மகரமும் யகரமும் அடுத்தடுத்த வீடுகள். எகரக் குறியும் ஏகாரக் குறியும், ஒகரக் குறியும் ஓகாரக் குறியும் அவ்வாறே. இந்திய மொழிகள் அனைத்திற்கும் ஒரே அடுக்காக வகுத்த பழைய இஸ்கி குறியேற்றத்தின் வரிசையை ஒருங்குறி தழுவிக்கொண்டதால் நேர்ந்த அண்டைவீட்டு உறவு இது. நம் நெடுங்கணக்கில் ரகரமும் றகரமும் இவ்வளவு நெருக்கமாக இல்லை.

சேமித்த கோப்பில் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் மூன்று பைட்டாகக் கிடக்கும். மூன்றாம் பைட்டின் கடைசிச் சுழியம் ஒன்றானால் ரகரம் றகரமாகும். நடுப் பைட்டில் அது நேர்ந்தால் ரகரம் ௰ ஆகும். முதற்பைட்டில் நேர்ந்தால் சாவகத் தீவின் சுண்டா மொழிக்கு ஒதுக்கிய இடத்திற்கே போய்விடும். பெட்டி பெட்டியாகத் தெரிந்த சில இடங்களின் மர்மமும் அதுதான்.

புள்ளியிடாத ஏட்டில் எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒன்றுபோலவே கிடந்து பதிப்பாசிரியரைத் தவிக்க வைத்தன. அந்தப் பழைய மயக்கத்தையே மின்னணுத் துண்டு ஒன்றும் செய்கிறது என்றால், ஏடு எழுதியவரின் ஆவி ஏதாவது ரேமில் புகுந்திருக்குமோ என்றுகூட அன்றிரவு தோன்றியது. அது தற்செயல்தான். ஆனால் இப்படி ஒரு தற்செயலை நாம் அதற்குப் பிறகு கண்டதில்லை.

ஐயம் இப்போது ரேம் மீது. தம்பி மெம்டெஸ்ட்86+ என்னும் நிரல் பதிந்த வட்டைப் போட்டு இரவு முழுதும் ஓடவிட்டார். நினைவகத்தின் ஒவ்வோர் இடத்திலும் ஒன்றை எழுதி, திரும்பப் படித்து, எழுதியதே வருகிறதா என்று பார்க்கும் நிரல் அது. காலையில் பார்த்தோம். பிழை ஏதுமில்லை.

உண்மையைச் சொல்வதென்றால் அப்போது மனத்தின் ஒரு மூலையில் நிம்மதி தோன்றியது. அப்படியானால் பிழை அக்காவினுடையதுதான் என்று ஆகிவிடும் அல்லவா? ௰ மட்டும் ஒத்துழைக்க மறுத்தது.

தம்பி கிளம்பவில்லை. "நைட்டு குளிர்ச்சியா இருந்துச்சு சார். மத்தியானம் பாப்போம்" என்றார். இராஜபாளையத்து மே மாத மாடி அறை இரண்டு மணிக்கு எப்படியிருக்கும் என்பதை எழுதத் தேவையில்லை. கரண்டு ஒருமுறை போய் வந்தது, சோதனை மீண்டும் முதலிலிருந்து. மூன்று மணி அளவில் நீலத் திரையில் முதல் சிவப்பு வரி விழுந்தது. எழுதியது இது, கிடைத்தது இது, தவறிய துண்டு இது என்று மூன்று எண்கள். அடுத்து இன்னொன்று. ஐந்து மணிக்குள் திரை சிவந்துவிட்டது. எல்லா வரியிலும் தவறியது ஒரே துண்டு. சுழியம் ஒன்றாகியிருந்தது, ஒன்று எங்கும் சுழியம் ஆகவில்லை. 533 துண்டைக் கழற்றிவிட்டு ஓட்டினோம், சுத்தமாக இருந்தது. அதை மட்டும் தனியே போட்டு ஓட்டினோம், சிவப்பு.

அதன் பிறகுதான் ரேம் தேர்ந்தெடுப்பதைக் கற்றுக்கொண்டோம். மதுரையில் கடையொன்றில் மூன்று வகை காட்டினார்கள்: 667, 800, 1066. கடைசி வகை வண்ணத் தகடு போர்த்திப் பல்லக்குப் போல இருந்தது. நமக்குத் தேவையான துடிப்பு 333. அதற்கு 667 வகையே கணக்குப்படி சரி. ஆனால் கணக்குப்படி சரியாக இருப்பது இரவு இரண்டு மணிக்கும் பகல் இரண்டு மணிக்கும் ஒன்றாக இராது என்பதைத்தான் பார்த்துவிட்டோமே. 400 துடிப்புக்கு விதித்த 800 வகையை 333இல் ஓட்டினால் அதற்கு மூச்சுவிட இடமிருக்கும். 1066 வகை அடிப்படைத் துடிப்பை இன்னும் மேலே கொண்டுபோகிறவர்களுக்கு உரியது. போதாததற்கு அவ்வகையில் பல, விதிப்படியான 1.8 வோல்டில் அந்த வேகத்தைத் தொடுவதில்லை. 2.1 வோல்ட் வரை கேட்கும். கூடுதல் வோல்ட் என்றால் கூடுதல் வெப்பம். தகடு போர்த்தியதன் காரணம் அழகு மட்டும் அன்று.

அடுத்தது 5-5-5-15 என்பது போன்ற எண் வரிசை. இது கேட்டதற்கும் கொடுப்பதற்கும் இடையே எத்தனை துடிப்பு என்னும் கணக்கு. முதல் எண் சிறியதாக இருந்தால் நல்லது என்று விற்பவர் சொல்வார். முழுப் பொய்யன்று, அரை உண்மை. 333 துடிப்பில் ஒரு துடிப்பு 3 நானோ நொடி, ஐந்து துடிப்பு 15. நான்காகக் குறைத்தால் 12. படம் துலக்கும் வேலையில் அந்த மூன்று நானோ நொடியின் பயனை நாம் கடிகாரம் வைத்துப் பார்த்தோம். சொல்லும்படி ஒன்றுமில்லை. ஐந்து என்றே விட்டுவிட்டோம்.

துண்டின் மேல் ஒட்டிய தாளை நம்பலாகாது என்பதும் அன்று தெரிந்தது. மெதுவான துண்டிற்கு வேகமான தாள் ஒட்டி விற்பதும் உண்டு. துண்டிலேயே அதன் குணங்களைப் பதிந்த சிறு சில்லு ஒன்று இருக்கும். சிபியு-இசட் போன்ற நிரல் அதைப் படித்துக் காட்டும். வாங்கிய அன்றே பார்த்துவிட வேண்டும். இன்னொன்று, இரு துண்டு தேவையென்றால் ஒரே வகையில் இணையாக வாங்க வேண்டும். பழையது வீணாகக் கிடக்கிறதே என்னும் எண்ணம் வந்தால் அப்பழையதை அன்றே யாருக்காவது கொடுத்துவிடுவது நலம். 800 வகையில் இரு ஒரு ஜி.பி. துண்டுகள் வாங்கி, இரு பகலும் இரு இரவும் சோதித்த பின்னரே கோப்பைத் திறந்தோம்.

பெரிய சேவையகங்களில் 64 துண்டிற்கு 72 துண்டு வைத்து, ஒன்று தவறினால் தானே திருத்திக்கொள்ளும் நினைவகம் அப்போதே உண்டு. நம் பலகை அதை ஏற்காது. சென்ற வாரம் வந்த மாணவர் வாங்கப்போகும் டிடிஆர்5இல் சில்லுக்குள்ளேயே திருத்தும் ஏற்பாடு வந்துவிட்டது. ஆனால் சில்லிலிருந்து செயலிக்குப் போகும் வழியில் நேரும் பிழைக்கு அது பொறுப்பேற்பதில்லை. அவரிடம் 6000 வகையே போதும் என்றோம். முதல் எண் 30 என்றால் அங்கும் தாமதம் 10 நானோ நொடி. வேகம் ஒன்பது மடங்கு ஏறியும் தாமதம் 15இலிருந்து 10க்குத்தான் இறங்கியிருக்கிறது. அதைக் கேட்டு அவர் வாடியதைப் பார்க்கச் சற்று வருத்தமாக இருந்தது. வெயிலில் சோதிக்கச் சொன்னதை எழுதிக்கொண்டாரா என்று தெரியவில்லை.

அக்காவிடம் போக மூன்று நாள் துணிவு வரவில்லை. வெறுங்கையோடு எப்படிப் போவது? ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பால்கோவா வாங்கிப் போவது கொல்லர் தெருவில் ஊசி விற்கிற கதை. கடைசியில் நிறுத்திவைத்த பாதிக் கூலி, அதன்மேல் கொஞ்சம், சிவந்த திரையைக் கேமராவில் எடுத்து அச்சிட்ட தாள், இரு பத்திப் பட்டியல் இவற்றோடு போனோம். அன்றும் மாணவர் யாராவது உட்கார்ந்திருக்க வேண்டும் என்று உள்ளூர வேண்டிக்கொண்டோம். திட்டியது நாலு பேர் முன்னால் என்றால் மன்னிப்பும் அப்படித்தானே கேட்க வேண்டும்? ஒருவரும் இல்லை. அந்த வாய்ப்பு நமக்குக் கிடைக்கவேயில்லை.

நடந்ததைச் சொன்னோம். மன்னிக்க வேண்டும் அக்கா என்றோம். அவர் தன் பிரதியைத் திறந்து நம் பட்டியலின் ஒவ்வொரு சொல்லையும் தேடிக் காட்டினார். இரை இரையாக இருந்தது. மானை மானையாக இருந்தது. பட்டியல் முழுவதையும் அப்படியே பார்த்து முடித்தார். ஒன்றைக்கூடத் தாண்டவிடவில்லை.

"மூணு நா ராத்திரி தூங்கல சார். ஒவ்வொண்ணா எடுத்து வச்சுப் பாத்தேன், எங்கதான் தப்புனேன்னு" என்றார். அதற்கு நம்மிடம் விடை இல்லை.

பணத்தை எண்ணி, கூலியை எடுத்துக்கொண்டு மிகுதியைத் திருப்பி மேசைமேல் வைத்தார். பின்னர் சிவப்பு வரித் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இந்த சிடி கையில இருக்கா சார்? எங்க மெஷினையும் ஒரு தடவ போட்டுப் பாத்துருவோம்" என்றார்.

போட்டோம். தகரக் கூரை, மின்விசிறி ஒன்று, மணி இரண்டரை. ஐந்து மணி வரை இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சிவப்பு வரி விழவில்லை. அக்கா எழுந்து போய் எதிர்க்கடையில் இரண்டு டீ சொல்லிவிட்டு வந்தார்.